வீட்டுக்குப் போகும் வண்டி

ஓமனில் சாலையில் ஹார்ன் சத்தம் அதிகம் கேட்காது. டீக்கடை வாசலில்தான் கேட்கும். காரை நிறுத்தி, இறங்காமல் உள்ளிருந்தே ஹார்ன் அடிப்பார்கள். 45 டிகிரி வெயிலில் கடைப்பையன் ஓடி வந்து, கண்ணாடி இறங்கும்வரை நின்று, எத்தனை கரக் டீ என்று கேட்டுப் போவான். பெரும்பாலும் மலையாளி அல்லது வங்காளதேசத்துப் பையன். எனக்கு இது இன்றுவரை ஒப்பவில்லை. இறங்கிப் போய்த்தான் வாங்குகிறேன்.

நான் இங்கே எண்ணெய் வயல்களில் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். மஸ்கட்டிலிருந்து சலாலா கிட்டத்தட்ட 1000 கிலோமீட்டர். நிஸ்வா, ஆதம் தாண்டியதும் மலை மறைந்துவிடும். அதற்கப்புறம் ஹைமா வரை இரண்டு பக்கமும் வெட்டவெளிதான். சாலை நன்றாக இருப்பதே ஆபத்து. கண்ணுக்கு ஒன்றும் படாததால் தூக்கம் சொக்கும். 120ஐத் தாண்டினால் இங்குள்ள கார்களில் 'டிங், டிங்' என்று எச்சரிக்கை மணி அடிக்கும். எங்கள் இளைஞர்கள் பாட்டை அதைவிடச் சத்தமாக வைத்துவிட்டு ஓட்டுவார்கள்.

இரவில் ஒட்டகம் வேறு. காலோ நெடுங்கால், ஹெட்லைட் வெளிச்சம் வயிற்றுக்குக் கீழேயே போய்விடும். தெரியும்போது பிரேக் போட இடம் இருக்காது. கார் காலில் மோதும், உடம்பு முழுவதும் முன்கண்ணாடி மேல் வந்து விழும். அப்படி நசுங்கிய கார் ஒன்றைச் சாலையோரத்தில் பார்த்தேன். கூரை சீட் வரை இறங்கியிருந்தது.

அப்படி வேகமாக ஓட்டும் இதே இளைஞர்கள் கம்பெனி வண்டியை எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எல்லா வண்டியிலும் ஐ.வி.எம்.எஸ். என்ற கண்காணிப்புக் கருவி உண்டு. வேகம், திடீர் பிரேக், சீட் பெல்ட் எல்லாம் பதிவாகி, ஓட்டுநரின் பெயருக்கு எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அறிக்கை வரும். கிளம்புமுன் பயணத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், போய்ச் சேர்ந்ததும் போன் செய்ய வேண்டும். குறித்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இவ்வளவும் சேர்ந்து, யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைக்க வைக்கிறது.

வியாழக்கிழமை மாலை எல்லாம் மாறிவிடும். 2013 மே முதல் இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்த கையோடு சொந்தக் காரில் ஏறி, பின்னால் ஒட்டிக்கொண்டு லைட் அடித்து வழி கேட்டபடி பறப்பார்கள். பகலெல்லாம் பச்சையில் இருந்த அதே பையன்தான். ஒமானிகள்தான் இப்படி என்று நம்மவர்கள் கேன்டீனில் பேசுவதை நான் ஏற்பதில்லை. கம்பெனி வண்டியிலிருந்து இறங்கிய தமிழரும் மலையாளியும் அதே சாலையில் அதே வேகத்தில்தான் போகிறார்கள். அந்தப் பயணத்தில் 'போய்ச் சேர்ந்தாயா' என்று கேட்க அலுவலகத்தில் யாரும் இல்லை. அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

அதனால் எங்கள் குழுவில் ஓர் ஏற்பாடு செய்தோம். சொந்தக் காரில் போனாலும் கிளம்பும் நேரத்தைச் சொல்ல வேண்டும். வீடு சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட வேண்டும். வராவிட்டால் நான் கூப்பிடுவேன். ஆரம்பத்தில், "அம்மா கூட இவ்வளவு கேட்க மாட்டார், பாய்" என்றான் இப்ராவைச் சேர்ந்த ஒரு பையன். இப்போது ஆதமில் டீக்கு நிறுத்தினால்கூட அவனிடமிருந்து படம் வருகிறது.

ஷிப்ட் முடித்த இரவே யாரும் காரை எடுக்கக் கூடாது, தூங்கி எழுந்து காலையில்தான் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் நிஸ்வா வரை கம்பெனி பஸ் விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணி நேரத்துக்கு வெளியே நடப்பது கம்பெனியின் பொறுப்பல்ல என்று முதல் பதில் வந்தது. அடுத்த பாதுகாப்புக் கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன்.