கோவையில் கேமரா வேலை தேடிய எட்டு மாதங்கள்

நான்கு நாள் வேலைக்கான 18,000 ரூபாய் இன்றுவரை எனக்கு வந்து சேரவில்லை. ஆவணியில் எடுத்த படங்களுக்கான கூலி அது. இப்போது மாசி நடக்கிறது. பணம் வராததைவிட, எந்தெந்த இடத்தில் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் அது வந்திருக்கும் என்பது இப்போது தெளிவாகத் தெரிவதுதான் அதிகமாக உறுத்துகிறது. புது ஊருக்குப் போய்ப் படம் எடுத்துப் பிழைக்க நினைப்பவர்கள் அந்த இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் ஒன்பது ஆண்டுகள் திருமணப் படங்கள் எடுத்துவந்தேன். மனைவிக்குக் கோவையில் வேலை கிடைத்ததால் 2024 ஜூலையில் குடும்பத்தோடு இங்கே வந்தோம். வந்த நேரமே தவறு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சொந்த ஊரில் ஆடி என்பது, முடிந்துபோன சீசனின் ஆல்பங்களைக் கொடுத்து மீதிப் பணத்தை வசூலிக்கும் மாதம். புது ஊரில் கொடுக்க ஆல்பமும் இருக்காது, வசூலிக்கப் பாக்கியும் இருக்காது என்பதை நான் யோசிக்கவில்லை. வீட்டுக்கு முன்பணம், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று கையிருப்பு ஆறு வாரங்களில் கரைந்துவிட்டது. இடம் மாறுவது உங்கள் கையில் இருந்தால், தை அல்லது வைகாசிக்கு இரண்டு மாதம் முன்னதாக வந்து சேருங்கள். ஸ்டுடியோக்காரர்கள் கூடுதல் ஆட்களைத் தேடுவது அப்போதுதான்.

காந்திபுரம், ஆர்.எஸ்.புரம், பீளமேடு என்று ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு பதினொரு ஸ்டுடியோக்களுக்குப் போனேன். படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். அதற்குப் பிறகு கேட்டது ஒரே கேள்வி: “இந்தப் பக்கத்துக் கல்யாணம் எடுத்திருக்கீங்களா?” வேலை இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். அது உண்மையான கேள்வி என்பது பிறகுதான் புரிந்தது.

கடைசியில் ஒரு ஸ்டுடியோவில், நாளொன்றுக்கு 4,500 ரூபாய்க்கு இரண்டாவது கேமராவுக்கு வரச் சொன்னார்கள். ஆவணியில் இரண்டு திருமணங்கள். இரண்டுக்கும் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். பேச்சு முழுவதும் தொலைபேசியிலேயே முடிந்தது. முதல் திருமணம் கொங்கு வேளாளர் வீட்டுடையது. விடிவதற்குள் மண்டபத்துக்கு வந்து, வழக்கம்போல் மணமேடை அலங்காரத்தையும் சீர்த்தட்டுகளையும் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் கேமராக்காரர் மணப்பெண்ணின் அறையில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருவர் தேடிக்கொண்டு வந்து, “ஏங் கண்ணு, இணைச்சீர் நடக்குதே, நீ இங்க என்ன பண்ற?” என்று கேட்டார். மாப்பிள்ளைக்கும் உடன்பிறந்தவளுக்கும் செய்யும் அந்தச் சீரைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. ஓடிப்போனபோது முக்கால்வாசி முடிந்திருந்தது. தம்பியின் பக்கத்தில் இருந்த அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. அந்த ஒரு படம் மட்டும் நன்றாக அமைந்தது, மற்றவற்றில் பாதி சொந்தக்காரர்களின் முதுகுகள்தான்.

அது என் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கத்தில் ஐயர் சொல்லும் மந்திரத்தை வைத்தே அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டு, சரியான இடத்தில் போய் நின்றுவிடுவேன். இங்கே பல வீடுகளில் அருமைக்காரர் முன்னின்று சீர்களை நடத்துகிறார், மங்கல வாழ்த்து பாடுகிறார்கள், வரிசையே வேறு. அடுத்த வாரமே அருமைக்காரர் ஒருவரைத் தேடிப்போய், எந்தச் சீர் எப்போது, எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்கள், யார் யார் கூட இருப்பார்கள் என்று ஒரு நோட்டில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். புது ஊரில் வேலை கேட்டு அலைவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இரண்டு திருமணங்களிலும், முகூர்த்தம் முடிந்த கையோடு ஸ்டுடியோ ஆள் மண்டபத்திலேயே மெமரி கார்டுகளை வாங்கிக்கொண்டார். கார்டுகள் அவர்களுடையவை என்பதால் கொடுத்துவிட்டேன். என் கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தும், இன்னொன்றில் நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று முதலிலேயே கேட்டு ஒப்புதல் வாங்க எனக்குத் தோன்றவில்லை. பத்து நாளில் தருவதாகச் சொன்ன பணம் மூன்று வாரமாயிற்று, ஐந்து வாரமாயிற்று. பிறகு, இணைச்சீர் படங்கள் குறைந்ததால் வீட்டார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு காரணம் சொன்னார்கள். முதல் திருமணத்துக்கு வேண்டுமானால் அதை ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது திருமணத்தில் எந்தக் குறையும் யாரும் சொல்லவில்லை, அதற்கும் பணம் வரவில்லை. அந்த அக்காவின் படத்தையாவது என் தொகுப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கும் மறுத்துவிட்டார்கள்.

மறுத்ததில் சட்டப்படி பிழை இல்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான். ஆகவே, தொகுப்பில் காட்ட இத்தனை படங்களுக்கு அனுமதி உண்டு என்ற ஒரு வரியை வாட்ஸ்அப்பிலாவது முன்பே எழுதி வாங்குங்கள். தொகையையும் தரும் தேதியையும் அதே செய்தியில் எழுதி, “சரி” என்ற பதில் வந்த பிறகே பையைத் தூக்குங்கள்.

அடுத்த வேலை நான் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஆல்பம் அச்சடிக்கும் இடத்தில் காத்திருந்தபோது பேச்சுக் கொடுத்த ஒருவருடைய மைத்துனர், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்து அமேசானில் விற்கிறார். அவருக்கு 140 ஆடைகளின் படங்கள் வேண்டியிருந்தன. ஒரு படத்துக்கு 70 ரூபாய், ஆடைக்கு நான்கு படங்கள், பாதிப் பணம் முன்னதாக என்று பேசி முடித்தோம். அதற்குள் அவர்களுடைய கணக்காளர், நிறுவனத்தின் பெயரில் பில்லும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும், நடப்புக் கணக்கும் வேண்டும் என்றார். ஜிஎஸ்டி எண்ணும் கேட்டார். சேவைத் தொழிலில் ஆண்டின் மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை என்று விளக்கியதும் அதை விட்டுவிட்டார்.

உத்யம் பதிவில் 2,500 ரூபாய் ஏமாந்தேன். கூகுளில் முதலில் வந்த, அரசு இணையதளம் போலவே தோன்றிய ஒரு தனியார் தளத்தில் கட்டணம் கட்டிவிட்டேன். அரசின் உத்யம் தளத்தில் இந்தப் பதிவு முற்றிலும் இலவசம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும், எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. பணம் போனதோடு நிற்கவில்லை. அந்தத் தரகர்கள் என் தொழிலைச் ‘சேவை’ என்று பதியாமல் ‘வணிகம்’ என்று பதிந்திருந்தார்கள். வாங்கி விற்கும் வணிகர்களுக்கு, தாமதமான பணத்துக்கான சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. நல்ல வேளையாகக் கணக்காளர் சான்றிதழைப் பார்த்ததும் கண்டுபிடித்துச் சொன்னார். அரசுத் தளத்தில் நானே செலவில்லாமல் திருத்திக்கொண்டேன்.

வங்கியில்தான் நாட்கள் வீணாயின. முதல் கிளையில், தொழிலுக்கு இரண்டு சான்று வேண்டும், உத்யம் ஒன்று, இன்னொன்று எங்கே என்றார்கள். மின் கட்டண ரசீது கொடுக்கலாம் என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டேன். இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயந்து அவர் மறுத்துவிட்டார்; அவரைக் குறை சொல்வதற்கில்லை. பழைய ஊரின் கடை உரிமம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அந்த அலுவலர் சொன்னதை நம்பி, ஜனசதாப்தியில் கும்பகோணம் போய், பரணில் இருந்த அந்த உரிமத்தை எடுத்து வந்தேன். காலாவதியானது, முகவரியும் வேறு என்று அவரே திருப்பிக் கொடுத்தார். போவதற்கு முன் இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் பிழை என்றாலும், சொல்லி அனுப்பியவர் அதை யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு வங்கிக் கிளையின் மேலாளர் அம்மையார் ஐந்து நிமிடத்தில் வழி சொன்னார். இரண்டாவது சான்று கொடுக்க இயலாத தனிநபர் நிறுவனங்களுக்கு, தொழில் நடக்கும் இடத்தை நேரில் சரிபார்த்துவிட்டு ஒரே சான்றுடன் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கியின் விதியே இடம் தருகிறது. அது வங்கியின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். ஓர் ஊழியர் வீட்டுக்கு வந்து, விளக்குகளும் கணினியும் இருந்த அறையைப் பார்த்துவிட்டுப் போனார். நான்காம் நாள் கணக்கு எண் வந்தது.

திருப்பூர் வேலை தீபாவளிக்கு முன்பே முடிய வேண்டியிருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் திரும்பிவரும்வரை அங்கே எதுவும் நகராது. முதல் நாள் எடுத்த இருபது ஆடைகளின் படங்கள் வீணாயின. அமேசானின் முதன்மைப் படத்துக்குப் பின்னணி முழு வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் சட்டகத்தில் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும். வெள்ளைப் பனியனை வெள்ளைப் பின்னணியில் வைத்தபோது தோள்பட்டையின் ஓரமே காணாமல் போயிற்று. அரங்கின் டியூப் லைட்டை அணைக்காததால் மெரூன் நிறம் செங்கல் நிறமாக வந்தது. கம்பெனியின் மெர்ச்சண்டைசர் பெண், துணியை ஜன்னலோரம் எடுத்துப்போய்த் திரையோடு ஒட்டிப்பிடித்துக் காட்டி, “அண்ணா, இந்தக் கலர் போட்டா அத்தனையும் ரிட்டர்ன் வந்துரும்” என்றார். மறுநாள் எல்லா விளக்குகளையும் அணைத்து, என் விளக்குகளில் மட்டும் எடுத்தேன். நிறம் பிசகாமல் சரிசெய்துகொள்ள, ஒவ்வொரு நிறத்துக்கும் முதல் படத்தில் சாம்பல் நிற அட்டையை வைத்தேன். பனியனின் இரு பக்கமும் சட்டகத்துக்கு வெளியே கறுப்பு அட்டைகளை நிறுத்தியதும், தோளின் விளிம்பில் பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய நிழல்கோடு விழுந்தது. அந்தக் கோட்டைத் திரையில் பார்த்தபோது, கோவைக்கு வந்த பிறகு முதன்முறையாக மனம் நிறைந்தது.

மீதிப் பணம் முப்பத்திரண்டாம் நாள் வந்துவிட்டது. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று கணக்காளரே சொன்னார். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தராவிட்டால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும் என்ற திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே உத்யம் எண்ணை எல்லாப் பில்லிலும் போடுங்கள்.

அந்த 18,000 ரூபாய்க்கு இந்த வழி உதவவில்லை. தாமதப் பணத்துக்கு முறையிட அரசின் இணையதளம் இருக்கிறது. ஆனால் வேலை செய்த நாளில் பதிவு இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள், என் பதிவோ ஐப்பசியில்தான் நடந்தது. வேலை செய்த தேதிகளையும் மண்டபங்களின் பெயர்களையும், தொலைபேசியில் பேசிய நாட்களையும் குறிப்பிட்டு, போன வாரம் அந்த ஸ்டுடியோவுக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். அட்டை நேற்றுத் திரும்பி வந்தது. கையெழுத்து போட்டு வாங்கியிருக்கிறார்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறேன்.