சவன்னாவைக் காப்பாற்றிய ஏழு பெண்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவன்னாவின் அழகைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த ஊர் பிழைத்த கதைதான் பிடிக்கும்.

1733-இல், ஜார்ஜியாவை நிறுவிய ஆங்கிலேயர் ஓகல்தோர்ப் வகுத்த நகரம் அது. தெருக்களுக்கு நடுவே நிழல் கவிந்த சதுக்கங்கள். 1954-இல் எல்லிஸ் சதுக்கத்திலிருந்த பழைய சந்தைக் கட்டடத்தை இடித்து, கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். (அந்தக் கார் கட்டடத்தையும் பின்னாளில் இடித்து, 2010-இல் சதுக்கத்தை மீட்டார்கள். கார்கள் இப்போது தரைக்கு அடியில். முதலிலேயே செய்திருக்கலாம்!)

1955-இல் டேவன்போர்ட் மாளிகைக்கும் நாள் குறித்தாயிற்று. 1820-இல் எழுந்த வீடு. அதற்கும் கார் நிறுத்தும் ஆசையே எமன். ஏழு பெண்கள் கிளம்பினார்கள். பணம் திரட்டி, 22,500 டாலருக்கு அதை வாங்கியே விட்டார்கள். அவர்கள் தொடங்கிய அறக்கட்டளை பின்னர் கண்டுபிடித்த வழிதான் கெட்டிக்காரத்தனம்: ஆபத்திலிருக்கும் வீட்டை வாங்கு, இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விற்றுவிடு, வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்கு. மனுப்போட்டுக் காத்திருக்கிற வேலையே இல்லை.

அங்கே பல வீடுகளுக்கு அவற்றின் செங்கல்லே பகையானது. சாம்பல் கலந்த நிறம், சொரசொரப்பு, வழக்கத்தைவிடப் பெரிய அளவு. புறநகர்ப் புதுவீடுகளுக்கு அந்தக் கல்தான் வேண்டுமென்று கிராக்கி. கல்லுக்காகவே பழைய வீடுகளை உடைத்தார்கள். ஊருக்கு அருகிலிருந்த ஹெர்மிடேஜ் பண்ணையின் சூளையில் அந்தக் கற்களில் பலவற்றை அறுத்துச் சுட்டவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். வீட்டைக் கட்டியவர் பெயர் பலகையில் இருக்கிறது. கல் சுட்டவர்களைப் பற்றியும் அதே பலகையில் எழுதினால் என்ன?