ஒத்தக்கடை நரசிங்கமும் ஏழு வீட்டுக் கணக்கும்

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை கொஞ்ச நேரம்தான். அங்கிருந்து நரசிங்கம் கோயிலுக்கு ஆட்டோக்காரர் கேட்ட காசில் திரும்ப ஊருக்கே போயிருக்கலாம். விடுங்கள்.

யானைமலை அடிவாரத்துப் பாறையைக் குடைந்த கோயில். பாண்டிய மந்திரி மாறன் காரி ஆரம்பித்து, முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி 770-ல் 'நீர்த்தெளித்தான்' என்கிறது கல்வெட்டு. குடமுழுக்குக்கு எவ்வளவு ஈரமான சொல்!

யோக நரசிம்மர் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா மகள் என் சட்டையை இழுத்தாள். "மாமா, குட்டியெல்லாம் எங்க?"

தாயார் நரசிங்கவல்லிக்குத் தனிச் சந்நிதி என்று காட்டினேன். காட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். குஜராத்தில் கிர் காட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே ஆண் சிங்கங்கள் ஒன்றிரண்டாகத் தனிக்குடித்தனம். இணைசேரவும், பெரிய இரை விழுந்தாலும்தான் பெண்கள் பக்கம் தலைகாட்டும். குடும்பம் என்பது அம்மா, அக்கா, சித்தி, பாட்டிதான். நான் பார்த்த குட்டி ஒன்று படுத்திருந்த சிங்கத்தின் வால்நுனிக் கறுப்புக் குஞ்சத்தைக் கடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. அது உறுமக்கூட இல்லை. வாலை மட்டும் அந்தப் பக்கம் மாற்றிப் போட்டது. பசித்தால் சித்தியிடமும் பால் குடிக்கலாம், தடையில்லை.

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். ஒரு பூனை குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போனது. குட்டி காலை மடக்கித் தொங்கியது.

"ஏழு வீடு மாத்தாம பூனை குட்டியத் தேத்தாதுடி" என்றார் அம்மா.

சிங்கமும் அதே கணக்குதான் என்றேன். மூன்றரை மாதம் சுமந்து, கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் புதரில் ஈனும். கண் திறக்கவே சில நாளாகும். வாடை பிடித்து எதுவும் வராமலிருக்க அடிக்கடி இடம் மாற்றும். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துத்தான் குட்டிகளைச் சொந்தக்காரர்களிடம் கூட்டிவரும். பெண்குட்டி பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். ஆண்குட்டி இரண்டு மூன்று வயதில் வெளியேற வேண்டும். புதிதாக வரும் ஆண் பழையவனின் குட்டிகளைக் கொன்றுவிடுவதும் உண்டு, தாய் மறுபடி சீக்கிரம் சினைக்கு வரும் என்பதால். அதைப் பிள்ளையிடம் சொல்லவில்லை.

அவள் கேட்கவும் இல்லை. டீக்கடைக்காரரிடம் போய், "அண்ணே, இது எத்தனாவது வீடு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது, பாப்பா. நேத்து அடுப்புக்குப் பின்னாடி கெடந்துச்சு."