ஏறுசரிவுக் கணக்கில் நான் தடுக்கிய இடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே சுண்ணாம்புக்கல் குன்றுகள் தெரியும். அவற்றுக்கும் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேகம் இறங்கிய காலையில் எல்லாமே மறைந்துவிடும். அந்த மேகத்துக்குள் ஏறும் விமானி மலையைக் கண்ணால் பார்த்து விலக முடியாது. விமான நிலையத்திலிருந்து ஏறும் பாதையைக் காட்டும் புறப்பாட்டுச் சார்ட்டில் இருக்கும் ஏறுசரிவு எண்ணை நம்பித்தான் ஏற வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தேர்வுக்குப் படித்தபோது என்னை அதிகம் அலைக்கழித்த பாடம் இது.

சரிவு என்றால் இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு உயரம். விமானத்தின் ஏற்றமானி காட்டுவதோ நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது. இரண்டையும் குழப்பித்தான் மாதிரித் தேர்வில் மதிப்பெண் இழந்தேன். அப்பா பல வருடம் மேட்டுக்காட்டில் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர். அவரிடம் சொன்னபோது, "மெதுவா ஏறினாலும் வேகமா ஏறினாலும் மேடு அதே மேடுதாம்மா" என்றார். அப்புறம்தான் எனக்குப் பிடிபட்டது. மேடு மாறாது. வேகமாகப் போகிறவருக்கு ஏறி முடிக்க நேரம் குறைவு, அவ்வளவுதான்.

சார்ட்டில் வேறு எண் இல்லையென்றால், ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) முறையில் 3.3 சதவீதம். அது நாட்டிகல் மைலுக்கு (கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.) ஏறக்குறைய 200 அடி. இதில் 2.5 சதவீதம் தடைகளைக் கண்டறியும் கற்பனைச் சாய்தளம், 0.8 சதவீதம் அதற்கு மேலான பாதுகாப்பு இடைவெளி. மலை அந்தச் சாய்தளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பாதையைத் திருப்புவார்கள், அல்லது சரிவைக் கூட்டி எந்த உயரம் வரை என்றும் எழுதுவார்கள்.

கணக்குக்கு வருவோம். சதவீதத்தை, நாட்டில் (மணிக்கு நாட்டிகல் மைல்) சொல்லப்படும் கிரவுண்ட் ஸ்பீடால், அதாவது தரையை ஒப்பிட்ட வேகத்தால், பெருக்கினால் நிமிடத்துக்குத் தேவையான அடி கிட்டத்தட்ட வந்துவிடும். 5 சதவீதம், 90 நாட் என்றால் 450 அடி. நிமிடத்துக்கு 500 அடி ஏறும் விமானம் இதில் தேறிவிடும். இப்போது 20 நாட் பின்காற்று சேரட்டும். கிரவுண்ட் ஸ்பீடு 110, தேவை 550. அதே விமானம், அதே ஏர்ஸ்பீடு (காற்றை ஒப்பிட்ட வேகம்), ஆனால் தேறாது! கேள்வியில் காற்றைத் தனியாகக் கொடுத்திருந்தால் முதலில் அதைத்தான் தொட வேண்டும்.

நம் ஊர் மதிய வெயில் இரண்டு பக்கமும் அடிக்கும். காற்று லேசாகி விமானத்தின் ஏற்றம் குறையும். வேகமானியில் அதே வேகம் காட்டினாலும் உண்மையான வேகம் கூடியிருக்கும், அதனால் தேவையும் கூடும்.

இன்னொன்று. சார்ட்டில் உள்ள எண் எல்லா இன்ஜினும் ஓடும்போது பொருந்துவது. ஓர் இன்ஜின் நின்றால் எப்படி என்பது தனிக் கணக்கு. கேள்வியில் அந்த வரி இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.