கோவளத்தில் பலகையைத் தள்ளிவிடுபவர்கள்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளத்தில் சர்ஃபிங் (பலகையில் நின்று அலைமேல் சறுக்குவது) வகுப்பு விடிந்ததும் தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் கடற்காற்று எழுந்து அலையைக் கலைத்துவிடும். எனக்குக் கற்றுக்கொடுத்த தம்பி மீனவக் குடும்பத்துப் பிள்ளை. மணலில் வைத்தே கையூன்றி எழுவதைப் பழக்கினார். பலகையின் கயிற்றை என் கணுக்காலில் கட்டிவிட்டு, "நான் சொல்லும்போது எழுந்தால் போதும் அக்கா, அலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

மார்பளவு நீரில் நின்றபடி அவர் சில அலைகளை விட்டுவிடுவார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. திடீரென்று பலகையின் பின்முனையைப் பிடித்து ஒரே தள்ளு. நான் விழுந்ததும் பலகையைத் திருப்பி, நுரையை எதிர்த்து மறுபடி உள்ளே இழுத்துப் போவார். ஒவ்வொரு மாணவருக்கும் இதே பாடு. தோளும் இடுப்பும் தேய்கிற உழைப்பு இது. நடுவில் ஒருமுறை, "நீவாடு இழுக்கிறது, இந்தப் பக்கம் வாருங்கள்" என்று குரல் கொடுத்தார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். நான் நகர்ந்திருந்ததே எனக்குத் தெரியவில்லை. நாம் கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பங்கு இந்தக் கண்ணுக்குத்தான் போய்ச்சேர வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அப்போதே வருவதால் வகுப்புகள் கைகொடுக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கடல் சீறினால் புதியவர்களை இறக்க முடியாது, வருமானமும் நின்றுவிடும். அதனால் படகை முற்றிலும் விட்டுவிட அவருக்கு மனமில்லை.

போட்டி ஆசையும் இருக்கிறது. 2021இல் டோக்கியோவில் சர்ஃபிங் ஒலிம்பிக் விளையாட்டானது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டி பக்கத்து மாமல்லபுரத்திலேயே நடந்தது. ஆனால் பயிற்சிக்கு உகந்த அதிகாலை அலைதான் வகுப்புக்கும் உகந்தது. அந்த இரண்டு மணி நேரத்தைத் தனக்கு வைத்துக்கொண்டால் அன்றைய கூலி போகும். கூலியைப் பார்த்தால் போட்டிக்காரராக வளர முடியாது. திறமையுள்ள பிள்ளைகளை இந்த நெருக்கடியில் விட்டுவைப்பது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது. காலை நேரத்துக்கு ஈடான உதவித்தொகை கிடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அவர் இப்போது சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் முதல்நிலைப் பயிற்றுநர் சான்றிதழுக்குத் தயாராகிறார். அதற்கு நீரில் உயிர்காக்கும் தகுதியும், மேற்பார்வையில் கற்பித்த அனுபவமும் வேண்டும். அது கையில் இருந்தால் மழைமாதங்களில் வேறு கரைகளிலும் வேலை கேட்கலாம். உடைந்த பலகைகளுக்கு ஃபைபர் ஒட்டவும் பழகி வருகிறார். நாற்பது வயதுக்குப் பிறகு தள்ள முடியாதல்லவா, அதற்காக என்றார்.