கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கம்

2001-இல் பிளஸ் டூ முடித்த நம் செட்டுக்கு இந்த வருஷத்தோடு 25 ஆண்டு. வெள்ளி விழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டதும், பிரேயர் மணி, புளியமரத்தடி, சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று எல்லாரும் எழுதுவதையே நானும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் கெமிஸ்ட்ரி சார் காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அப்புறம் வேறு எதை எழுதுவது?

சீனியர்களுக்கு அவர் ‘கந்தகம்’. எங்கள் செட்டுக்கு மட்டும் ‘ஹெய்ஹாச்சி’. காரணம் தெரியாமலே பின்னால் வந்த ஜூனியர்களும் அந்தப் பெயரைச் சொல்லித் திரிந்ததாகக் கேள்வி. டெக்கன் என்ற சண்டை வீடியோ கேமில் ஹெய்ஹாச்சி மிஷிமா என்று ஒரு கிழவர் உண்டு. நடுமண்டை வழுக்கை, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி தூக்கி நிற்கும் முடி. சாருக்கும் அச்சு அசல் அப்படியே. போதாததற்கு, கதைப்படி ஹெய்ஹாச்சி பெற்ற மகனையே மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டவர். சார் சொந்த மகனையே காலாண்டுத் தேர்வில் பெயிலாக்கியவர். ஹெய்ஹாச்சியிடம் குமா என்று ஒரு வளர்ப்புக் கரடி இருக்கும். பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதிவைத்த நம் கிளாஸ் லீடருக்கு அந்தப் பெயர் போயிற்று. அவன் இப்போது துபாயில் இருக்கிறான், இந்த மலரைப் படிப்பான். கோவிச்சுக்காதே குமா.

கடலூர் பாரதி சாலையிலிருந்து திரும்பும் அந்தச் சந்து எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் ஜெராக்ஸ் மிஷின், பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை, மூன்று டிவி, மர பெஞ்சு. அரை மணிக்கு 10 ரூபாய். ஜெயித்தவன் உட்கார்ந்தே இருக்கலாம், தோற்றவன் எழுந்திருக்க வேண்டும். பர்மா பஜார் காப்பி சிடி சில நாள் படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கடைக்கார அண்ணன் பிளேஸ்டேஷன் என்ற அந்த கேம் மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார், படித்துவிடும். ஜப்பானின் நாம்கோ நிறுவனம் டெக்கன் 3-ஐ 1997-இல் காசு போட்டு ஆடும் ஆர்கேடு மிஷினுக்கும் 1998-இல் பிளேஸ்டேஷனுக்கும் கொண்டுவந்தது. அது மஞ்சக்குப்பம் வந்து சேர்வதற்குள் நாம் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டோம்.

இன்றைக்கும் அந்த ஆட்டத்தின் பேச்சை எடுத்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. “ரெண்டு பேரு அடிச்சுக்கிறாங்க, ஒருத்தன் விழறான். இதுல என்னங்க இருக்கு?” என்பாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். பல சண்டை ஆட்டங்களில் ஒரு பட்டன் லேசான குத்து, இன்னொன்று பலமான குத்து என்று இருக்கும். டெக்கனில் நாலு பட்டன், நாலு அங்கம். ஸ்கொயர் இடது கை, டிரையாங்கிள் வலது கை, எக்ஸ் இடது கால், ரவுண்டு வலது கால். யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒருவன் உட்கார்ந்து ஆடிவிடலாம். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்தவன், எடி கோர்டோவை எடுத்தான். எடி, கபோய்ரா என்ற பிரேசில் நாட்டு நடனச் சண்டைக்கலை ஆடுபவன். கால் பட்டன் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலே தரையில் சுழன்று சுழன்று உதைப்பான். மூன்று பேரை வரிசையாக எழுப்பிவிட்டு, “இவ்வளவுதானாடா?” என்றான். அன்றிலிருந்து அவன் பெயரே எடி. அடுத்த வாரம் நாங்கள் உட்கார்ந்து தடுக்கக் கற்றுக்கொண்டதும் அவன் பாச்சா பலிக்கவில்லை. அப்புறம்தான் அவனும் ஆட்டத்தை நிஜமாகக் கற்க ஆரம்பித்தான்.

அவரவர் எடுத்த ஆள் அவரவர் குணத்துக்கு எப்படிப் பொருந்தியது என்பதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான். பேசவே பேசாத நம் ஆஜானுபாகு, ஜாகுவார் சிறுத்தை முகமூடி போட்ட மல்யுத்தக்காரன் கிங்கை எடுத்தான். கிங் ஒருமுறை பிடித்துவிட்டால் ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்கு மாற்றி மாற்றி எலும்பை முறிப்பான். அதற்கான பட்டன் வரிசையை மனப்பாடம் செய்யப் பொறுமை வேண்டும். இவனுக்கு இருந்தது. இப்போது திருப்பாப்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான், அதே பொறுமை. ஒரே குத்தில் பாதி உயிரை வாங்கும் பால் ஃபீனிக்ஸை எடுத்தவன் சைக்கிளில் என்னோடு வருபவன். நான் எடுத்த ஆள் லா. புரூஸ் லீயைப் பார்த்து வார்த்த உருவம் என்பது முதல் கத்தலிலேயே தெரிந்துவிடும். அந்த வயதில் வேறு யாரை எடுப்பேன்?

இதே ஆட்டத்தைத் தனியாக மிஷினோடு ஆடிப் பாருங்கள், ஒரு வாரத்தில் அலுத்துவிடும். மிஷினுக்கு எவ்வளவு அடித்தாலும் ரோஷம் வராது. பால் ஃபீனிக்ஸ்காரனுக்கு வரும். அந்தப் பெரிய குத்தை விடப்போகிறான் என்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வான். பெஞ்சில் அவனுடைய முட்டி என் முட்டியில் இடிக்கும். திரையில் ஒன்றும் தெரியாது. முட்டி இடித்தால் நான் பக்கவாட்டில் நகர்ந்துகொள்வேன், குத்து காற்றில் போகும். இப்படி ஒரு மாதம் ஓடியது. அப்புறம் அவன் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்ததைச் சொல்லவில்லை, சும்மா சும்மா முட்டியை இடிக்க ஆரம்பித்தான். நான் நகர்வேன், நகர்ந்த இடத்தில் உதை விழும். பிறகு எந்த இடி நிஜம், எந்த இடி பொய் என்று நான் படிக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் அதே ஆட்டம், சிடி அதே சிடி. மாறிக்கொண்டே இருந்தது நாங்கள்தான். அலுக்காததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது ஒன்றுதான்.

கடைசி ரவுண்டில், இரண்டு பேருக்கும் நூலளவு உயிர் மிச்சம் இருக்கும்போது கரண்ட் போவதும் வழக்கம். நெய்வேலி இருப்பது நம் மாவட்டத்தில்தான் என்பதை அப்போதெல்லாம் யாராவது ஒருவன் ஞாபகப்படுத்துவான். யார் ஜெயித்தது என்ற தகராறு கெடிலம் பாலம் வரைக்கும் போகும்.

இனி பிரேயர் கதை. அன்று மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

லாவிடம் ஒரே மூச்சில் பத்து அடி அடிக்கும் வரிசை ஒன்று உண்டு. நெட் சென்டரில் பார்த்து, என் கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் சின்னச் சின்னச் சதுரம், முக்கோணம், பெருக்கல் குறி, வட்டம் என்று வரைந்து வைத்திருந்தேன். அரையாண்டுக்கு முந்தின வாரம் நோட்டுத் திருத்தும்போது சார் அதைப் பார்த்துவிட்டார். பிட் அடிக்கக் கண்டுபிடித்த ரகசியக் குறி என்றே முடிவுகட்டினார். மறுநாள் செய்தி வாசித்து முடித்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, நோட்டைப் பிரித்து மைக்குக்கு முன்னால் நீட்டினார்.

“என்னடா இது? படி.”

“சார், கேம் சார்.”

“படிடான்னா!”

படித்தேன். ஸ்கொயர், டிரையாங்கிள், எக்ஸ் என்று இரண்டு ஒலிபெருக்கியிலும் பத்து அடியும் போனது. பாதியிலேயே பின் வரிசைகள் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டன. கடைசி அடிக்கு லாவின் அந்தக் கத்தலை எவனோ கத்தினான் (எடிதான், பின்னால் ஒத்துக்கொண்டான்). பள்ளியே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. சோடியம் தண்ணீரோடு சேர்ந்தால் என்ன வரும், சமன்பாட்டைச் சொல் என்றார். எட்டாம் கிளாஸ் பையனுக்குத் தெரிந்தது. மேடையில் எனக்கு வாயே திறக்கவில்லை.

“எதுக்கு அப்புறம் எது வரும்னு பத்து வரி மனப்பாடம் பண்ணத் தெரியுது. எதோட எது சேர்ந்தா என்ன வரும்னு ஒரு வரி சொல்லத் தெரியல.”

ஜன கண மன வரைக்கும் மேடையிலேயே முட்டி போட்டேன். தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கச் சொன்னார், முடிந்ததும் மறுபடி முட்டி. கலெக்டர் ஆபீஸில் வேலையிலிருந்த என் அப்பாவை வரச்சொல்லி, அவரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டினார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. அடித்திருந்தால் தேவலை.

சார் அதோடு விடவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து பிளஸ் டூ பரீட்சை வரை நாலரை மணிக்கு லேபில் உட்காரவைத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. எரிச்சலோடு சொல்லிக் கொடுப்பார், தப்பாக எழுதினால் டெஸ்ட் டியூப் ஸ்டாண்டை நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே படித்தேன். கெமிஸ்ட்ரி மார்க்கால் கட்-ஆஃப் ஏறியது, கட்-ஆஃபால் சென்னையில் சீட், சீட்டால் வேலை, வேலையால் டொரன்டோ. அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் சின்னதல்ல. ஆனால் நாலரை மணிக்கு நான் லேபுக்குள் போகும்போது மற்ற மூன்று பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாரதி சாலைப் பக்கம் போவது அதே ஜன்னல் வழியாகத் தெரியும். அவர்கள் கடலூரிலேயே இருந்துவிட்டார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்டபோது நான் இங்கே பனியில் நின்று போன் போட்டுக்கொண்டிருந்தேன், யாருக்கும் போகவில்லை. சந்துக்குள் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்த கதை ரொம்ப நாள் கழித்துத்தான் காதுக்கு வந்தது. 2019-இல் லாகூர்க்காரரான அர்சலான் ஆஷ் ஜப்பானிலும் லாஸ் வேகஸிலும் நடந்த ஈவோ என்ற சண்டை கேம் போட்டிகளில் டெக்கன் 7-ஐ வென்றபோது நம் குரூப்பில் அத்தனை பேரும் குதித்தோம். பாகிஸ்தான்காரர் ஜெயித்து கடலூரில் கொண்டாடியது அதற்கு முன் உண்டா என்று தெரியவில்லை. அவரும் நம் சந்து போன்ற கேம் சென்டர்களில் வளர்ந்தவர்தானே.

2024 ஜனவரியில் டெக்கன் 8 வந்ததும் நானும் கிங்கும் ஆளுக்கொன்று வாங்கி நெட்டில் ஆடிப் பார்த்தோம். இந்த ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேமில், அதாவது 60 படமாக, ஓடுகிறது. கால் நொடி தாமதம் என்றால் 15 ஃபிரேம் போச்சு. டொரன்டோவில் நான் தடுத்த அடி திருப்பாப்புலியூரில் எப்போதோ விழுந்திருக்கும். இரண்டு பேருமே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு படுக்கப் போனோம். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் முட்டி இல்லை.

சாரைத் தகனம் செய்த அன்று நம் ஆட்கள் சுடுகாட்டிலிருந்து வந்து, குளித்துவிட்டு, கிங் வீட்டு மாடியில் கூடியிருக்கிறார்கள். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். ஆபீஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு வீடியோ காலில் பேசினேன். பழைய பிளேஸ்டேஷனை டிவியில் மாட்டியிருந்தார்கள். சாரின் மகனும் அங்கே இருந்தான். நம் செட்டுதான், பி செக்ஷன். அந்தச் சந்துக்குள் அவன் கால்வைத்ததே இல்லை, வைக்க முடியுமா?

“எங்கப்பா யாருடா இதுல? காட்டுங்க” என்றான்.

யாரும் கையை அசைக்கவில்லை. கடைசியில் எடிதான் ஹெய்ஹாச்சியைத் தேர்ந்தெடுத்துக் காட்டினான். சார் மகன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“முடி கரெக்டா இருக்கு. அப்பாவுக்குத் தெரியும்டா இந்தப் பேரு. என்கிட்டதான் அர்த்தம் கேட்டாரு. மகனை மலையில இருந்து தள்ளுனவருன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் எங்கிட்ட பேசல.”

அப்புறம் அவனே கன்ட்ரோலரை வாங்கினான். அப்பாவை வைத்து ஆடி எடியிடம் மளமளவென்று தோற்றான். சட்டப்படி எழுந்திருக்க வேண்டும். அன்று ஒருவரும் சொல்லவில்லை. கேமரா பக்கம் திரும்பி, “நீதானே பிரேயர்ல படிச்சவன்? உன் ஆளை எடுத்துக்கிறேன். நீ சொல்லு, நான் அமுக்குறேன்” என்றான்.

ஆபீஸ் படிக்கட்டில் சத்தமாகச் சொன்னேன். ஏறி இறங்கியவர்கள் என்ன நினைத்தார்களோ. பத்தும் வரிசை தப்பாமல் வந்தது. ஆனால் என் குரல் அங்கே போய்ச் சேர்ந்து, அவன் பட்டனைத் தேடி அமுக்குவதற்குள், எடி சுழன்று சுழன்று உதைத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது அடிக்குமேல் ஒன்றும் ஒட்டவில்லை.

“உன் கெமிஸ்ட்ரி இன்னும் அப்படியேதான்டா இருக்கு” என்றான் கிங்.