ராடு எரித்த காலம்

நம்ம ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு என்றால் கடைசி வரிசைதான். மார்க் அதிகம் வாங்கியவன் எலக்ட்ரீஷியன், அடுத்தவன் ஃபிட்டர், அப்புறம் டர்னர், மெஷினிஸ்ட். எதிலும் இடம் கிடைக்காமல் முழித்துக்கொண்டு நிற்பவனுக்கு வெல்டர். எலக்ட்ரீஷியனுக்கும் ஃபிட்டருக்கும் இரண்டு வருஷம், நமக்கு ஒரே வருஷம், அதுவும் எட்டாவது பாஸ் போதும். நான் பத்தாவது முடித்து அதில் சேர்ந்ததை எங்கள் வீட்டில் சொந்தக்காரர்களிடம் "பெல் பக்கம் ஏதோ படிக்கிறான்" என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். இப்போது நம்ம பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழு "வெல்டருக்கு உலகம் பூரா இவ்வளவு கிராக்கியாமே, அதைப் பற்றி எழுதுங்கண்ணே" என்று கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. 1965ல் திருச்சி பக்கம் திருவெறும்பூரில் பெல் (BHEL) பாய்லர் தொழிற்சாலை வந்தது, 1975ல் அதனோடு வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. சுற்றி துவாக்குடி, மாத்தூர் வரைக்கும் இரும்பை வெட்டி ஒட்டிச் சாமான் செய்கிற ஃபேப்ரிகேஷன் ஷெட்கள். அந்தப் பக்கத்து டீக்கடையில் "அவர் ஹெச்.பி. வெல்டர்", அதாவது உயர் அழுத்தக் குழாய் வெல்டர், என்று ஒருவரைக் காட்டினால் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். பாய்லர் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் நீராவி ஓடும். அதில் ஜாயின்ட் போட வேண்டுமென்றால் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறை) தேர்வில் தேறி சர்டிஃபிகேட் கையில் இருக்க வேண்டும், அதையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஐ.டி.ஐ. சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் போய்விட முடியாது.

எங்கள் வெல்டிங் சாரை நினைவிருப்பவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பயிற்சிக்கு அரசு கொடுக்கிற ராடும் (உருகி ஜாயின்டை நிரப்புகிற, பூச்சுப் பூசிய கம்பி) பிளேட்டும் மாதக் கடைசிவரை வராது. அவர் துவாக்குடி ஷெட்களுக்குப் போய், வெட்டி ஒதுக்கிய கட் பீஸ்களைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி ஸ்கூட்டரின் முன்னால் அடுக்கிக்கொண்டு வருவார். ஒரு பிளேட்டில் இரண்டு பக்கமும் பீட் (வெல்டு வரிசை) போட்டு, அதன் மேலேயே இன்னொரு வரிசை போட்டு, பிளேட்டே கோணிப்போகும் வரை எங்களை விடமாட்டார். எரித்து முடித்த ராடின் கட்டை இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் திட்டு விழும். முகக் கவசத்தைப் போட்டுவிட்டால் புதிதாகக் கற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, இருட்டும் ஒரு வெளிச்சப் பொட்டும்தான். அதனால் முதலில் காதைப் பழக்கினார். ராடு முனைக்கும் பிளேட்டுக்கும் நடுவே எரிகிற ஆர்க் சரியான நீளத்தில் இருந்தால் வடகம் பொரிகிற மாதிரி விடாமல் சத்தம் வரும், தூரம் கூடினால் தடுமாறும், குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றபடியே "கையைக் கிட்டக் கொண்டு போடா" என்பார். வெல்டு மேல் படிகிற கசடான ஸ்லாக்கைச் சுத்தியால் தட்டினால் அது தானாக உரிந்து வர வேண்டும், கொத்திக் கொத்தி எடுக்க வேண்டியிருந்தால் கரன்டோ கைக்கோணமோ தப்பு. புத்தகத்தில் இதெல்லாம் ஒரு வரிதான்.

அப்புறம் அப்ரன்டிஸ், ஷெட் வேலை, கடைசியில் சவுதி. ஜுபைலில் இறங்கிய முதல் வாரமே டெஸ்ட். ஆறங்குலக் குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டியிருப்பார்கள், இதுதான் 6ஜி. குழாயைத் திருப்பக் கூடாது, நாம்தான் அதைச் சுற்றி வர வேண்டும், அடிப்பக்கம் வரும்போது மல்லாந்து பார்த்துக்கொண்டு டிக்கில் (ஆர்கான் வாயு வைத்துச் செய்கிற வெல்டிங்) ரூட், அதாவது அடி வரிசை, போட வேண்டும். முடித்ததும் துண்டு துண்டாக வெட்டி வளைப்பார்கள். வளைந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பிளவு திறந்தால் அவ்வளவுதான், ஊருக்கு டிக்கெட். பாஸானாலும் நிம்மதி கிடையாது. ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் நம் நம்பர் எழுதியிருக்கும், எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் கறுப்பாகத் தெரிந்தால் அது யார் கை என்று அலுவலகத்துக்குத் தெரியும். ரிப்பேர் கூடினால் வெல்டர் தகுதிக் கார்டு போய்விடும். கடலோரத்து ஈரப்பதத்தில், ஹைட்ரஜன் குறைவாக இருக்க வேண்டிய 7018 ரக ராடை ஓவனிலிருந்து எடுத்து வெளியே போட்டுவைக்கக் கூடாது. பூச்சில் ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் உள்ளே போய், வெல்டு ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள்கூட விரிசல் விடும். இன்று பார்த்தால் நன்றாக இருக்கும், அதுதான் ஆபத்து.

இப்போது டெஸ்ட் எடுக்கிற பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். சான்றிதழோடு வருகிற பையன்கள் ஏராளம், கூப்பன், அதாவது டெஸ்டுக்குப் போடுகிற துண்டு, தேறுகிறவர்கள் குறைவு. ஆள் பற்றாக்குறை என்று எல்லாரும் சொல்வது இந்த இடத்தில்தான். ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கிய திறன் விசாவில், கப்பல் கட்டும் பிரிவில் வெல்டிங்கைச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே முதியவர்கள் பெருகிவிட்டார்கள், உள்ளூரில் இந்த வேலைக்கு இளைஞர்கள் வருவதில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. பையன்கள் சோம்பேறிகள் என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வந்தவர்களிடம் "எத்தனை 6ஜி கூப்பன் போட்டுப் பார்த்தே தம்பி?" என்று கேட்டால் பெரும்பாலோர் தலையைச் சொறிகிறார்கள். போடக் குழாய் கொடுத்தால்தானே? வெல்டிங் பயிற்சி மாதிரிச் செலவு பிடிக்கிற பயிற்சி கிடையாது, ஒவ்வொரு நாள் பாடத்துக்கும் இரும்பும் ராடும் ஆர்கானும் கரைந்துகொண்டே இருக்கும். கம்பெனிகள் பழகிய ஆளைத்தான் கேட்கின்றன, பழக்குகிற செலவை மட்டும் அடுத்தவன் தலையில் தள்ளுகின்றன. ஏஜென்ட்கள் இதில் காசு பார்க்கிறார்கள், அது தனிக்கதை.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் தொழில்நுட்ப மையங்களாக மாற்றியது நல்ல விஷயம்தான், ரோபோ எல்லாம் வந்திருக்கிறது. கார் தொழிற்சாலையில் ஒரே மாதிரி ஆயிரம் ஜாயின்டை ரோபோ போடும், சரி. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தும் ஷட்டவுனில் இரண்டு குழாய்க்கு நடுவே கை நுழையாத இடத்தில், முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதில் பார்த்துப் போட வேண்டிய ஜாயின்டுக்கு இன்னும் ஆள்தான் வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். போன கூட்டத்தில் நம் ஐ.டி.ஐ. வாசலுக்கு அலங்கார வளைவு கட்டித்தரலாம் என்று பேச்சு வந்தது. அந்தப் பணத்தில் 3.15 மில்லிமீட்டர் 7018 ராடும், பத்து மில்லிமீட்டர் பிளேட்டும், ஆறங்குலக் குழாயும் வாங்கி வெல்டர் பிரிவில் இறக்கிவிடலாம். ஷெட் வைத்திருக்கிற நம் ஆட்கள் கட் பீஸைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒரு போன் செய்யுங்கள். வண்டி வாடகையை நான் தருகிறேன்.